அவர்ஸ்

ஏசியை யாராவது குறைத்தால் தேவலை. குறைக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் லேப் என்றால் குளிர வேண்டும் என்று எவனோ சொல்லி வைத்துவிட்டான். கம்ப்யூட்டருக்குக் குளிர்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, மனுஷனுக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது. வையாபுரி கடைசி வரிசையில் சுவரை ஒட்டிய சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர்தான் சுழல் நாற்காலி, சுழலாது, இடது பக்கம் சாயும். மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்டில் தலை நரைக்கும்வரை பாடம் நடத்தியவருக்கு இதுதான் கிடைத்தது. முன்னால் பெரிய ஸ்கிரீனில் இரண்டாவது டீம் எதையோ காட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது மூன்றாவது டீம். அதாவது இவர், சிவில் அல்போன்ஸ், அந்தப் பக்கம் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருக்கும் சுகுணா. அல்போன்ஸை நடுவில் உட்கார வைத்தது இவர்தான். அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் இவர் வாய் சும்மா இருக்காது. வாயை டீனுக்காக வைத்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம். ஒரு வாரமாக நாக்கிலேயே கிடக்கிறது. முதலில் நீளமாக இருந்தது, என்னுடைய அனுபவத்துக்கு, இந்த வயசுக்கு, என்றெல்லாம் வந்தது. அரம் போட்டு ராவி ராவி இவ்வளவு ஆக்கியிருக்கிறார்: சார், நான் எழுதினதை இந்தம்மா அழிச்சுட்டாங்க. போதும். இதற்கு மேல் ஒரு சொல் கூடினால் அழுகை மாதிரி ஆகிவிடும். இந்தம்மா என்பதை மட்டும் சுகுணா மேடம் என்று மாற்றலாமா என்று யோசித்தார். வேண்டாம். எதற்கு மேடம்?

மெக்கானிக்கலுக்கு ஆள் சேரவில்லை. சேராததற்கு வையாபுரியா பொறுப்பு? நிர்வாகம் சொல்லிவிட்டது: மெக்கானிக்கலோ சிவிலோ கெமிஸ்ட்ரியோ, யாராக இருந்தாலும் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்டுக்கு வாருங்கள். காலையில் தியரி, மத்தியானம் டீம் புராஜெக்ட், கடைசியில் டெமோ. ஒவ்வொருவரும் தான் எழுதிய பகுதியைக் காட்ட வேண்டும். காட்ட எதுவும் இல்லாதவர்கள் அட்மிஷன் டீமுக்குப் போகலாம். போகலாம் என்றுதான் சொன்னார் டீன், விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி. அட்மிஷன் டீம் என்றால் பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸோடு நிற்பது, பிளஸ் டூ பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் எங்கள் காலேஜுக்கு வாருங்கள் என்று இளிப்பது. போன மே மாதம் ஒப்புக்கு அனுப்பினார்கள், ஒரு வாரம். கோபி பக்கம் ஒரு வீடு. தகப்பன் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நாய். "நீங்க என்னங்க பாடம் எடுக்கறீங்க?" "மெக்கானிக்கல்." "அதான் நீங்களே வெயில்ல நிக்கறீங்களாட்ட." நாய் அதற்கும் சேர்த்துக் குரைத்தது. வையாபுரி நோட்டீஸைக் கேட்டின் கம்பிக்குள் செருகிவிட்டுத் திரும்பினார். திரும்பி நடக்கும்போது முதுகில் அந்தப் பார்வை இருந்தது. இப்போதும் இருக்கிறது, இந்த ஏசிக் குளிரில், இரண்டு தோளுக்கும் நடுவில், அதே இடத்தில். ஒரு வாரத்துக்கே இப்படி. அதையே வேலையாகப் பார்ப்பதென்றால்? இல்லை. அதற்கு வாக்கியம் இருக்கிறது. சார், நான் எழுதினதை.

தியரி நடத்த வெளியிலிருந்து ரேவந்த் என்று ஒரு பையன். தாடி. ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தவனாம், அதை விட்டுவிட்டு வந்து வாத்தியார்களுக்கு வாத்தியாராக இருக்கிறான். வாட்டர்ஃபால் முறை என்றான் ஒரு நாள், அது பழசு என்றான் மறுநாள். பழசு என்றால் எதற்கு நடத்தினாய்? பரிட்சைக்கு வரும் சார் என்றான். காலையில் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், என்ன தடங்கல். அதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர். வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பெஞ்சு மேல் ஏற்றியதற்குப் புதுப் பெயர் வைத்துப் பிழைக்கிறார்கள். அப்புறம் ரிவ்யூ. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படித்துப் பார்த்து ஓகே போட வேண்டுமாம். அல்போன்ஸ் எதையும் திறந்துகூடப் பார்க்க மாட்டார், நல்லாருக்கு என்று போட்டுவிடுவார், மொய் எழுதுகிற மாதிரி. நீங்கள் எனக்குப் போடுங்கள், நான் உங்களுக்குப் போடுகிறேன். இதற்குப் பெயர் இன்ஜினியரிங். எடை இல்லை, சூடு இல்லை, தேய்மானம் இல்லை. கையில் பிடித்துப் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் உடைகிறது. உடைந்தால் யார் உடைத்தது என்று பார்க்க மட்டும் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும் உருப்படியாகச் சொன்னான் அந்தப் பையன். ஒவ்வொரு பகுதியும் தன் வேலையைத் தான் பார்க்க வேண்டும், அடுத்த பகுதியின் வயிற்றுக்குள் கையை விடக் கூடாது. அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கையிலேயே அவர் ஒப்புக்கொண்ட கொள்கை அது. வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். மனைவி ராணி அதைத்தான், உங்களுக்கும் ஒரு சுவருக்கும் என்ன வித்தியாசம் என்பாள். சுவர் இல்லாவிட்டால் கூரை எங்கே நிற்கும் என்று கேட்க நினைப்பார். கேட்டதில்லை.

முன்னால் யாரோ சிரித்தார்கள். சுகுணா தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். அவர்கள் டீமின் புராஜெக்ட் பரிட்சை ஹாலில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஒதுக்குவது. சுகுணா கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட், அதனால் அவள் டீம் லீடர். முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. வந்த முதல் நாளே, "சார் நீங்க டாகுமெண்டேஷன் பாத்துக்கங்க" என்றாள், கல்யாணத்தில் பெரியவர்களைச் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது மாதிரி. முடியாது, எழுதுகிறேன் என்றார். ஹாலுக்குள் பெஞ்சு ஒதுக்குகிற பகுதியை வாங்கிக்கொண்டார். ஒரே பேப்பர் எழுதுகிற இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான், அதற்கு ஒரு மாதம் ஆயிற்று. விரல் எங்கே போகும் என்று விரலுக்குத் தெரியவில்லை. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் ஒரு பக்கம் சிவப்பாகத் திட்டும். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் ஸ்கிரீனில் பெஞ்சுகள் வந்து நின்றன, பச்சையும் மஞ்சளுமாக, ஒன்றையொன்று தொடாமல். அப்புறம் அவராகவே ஒன்று சேர்த்தார், யாரும் கேட்காதது. மெக்கானிக்கல் பிளாக்கில் மூன்றாம் ஹாலில் நட்ட நடுவே ஒரு தூண் இருக்கிறது. பிளான் போட்டவன் எவனோ, கட்டினவன் எவனோ, தூணுக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் என்ன நடக்கிறது என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது. பிட் பேப்பரிலிருந்து கைக்குட்டையில் எழுதிய ஃபார்முலா வரை அவர் பிடித்ததெல்லாம் அந்தப் பெஞ்சில்தான். அதனால் தூண் இருந்தால் பின்பெஞ்சைக் காலியாக விடு என்று எழுதினார். தூணைக் கருப்புக் கட்டமாகப் போட்டார். அதற்குத் தூண் என்றே பெயர் வைத்தார், இங்கிலீஷ் எழுத்தில். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார். ஏன் என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை. எல்லாரும் எழுதுவதை ஓரிடத்தில் சேர்க்க ஒரு கருவி. சுகுணா ஒரு துண்டுப் பேப்பரில் எப்படிச் சேர்ப்பது என்று வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தாள். அதன்படியே அமுக்கினார். இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் கருவி நின்றுவிடும். எது வேண்டும் என்று கேட்கும். அவர்ஸா, தெயர்ஸா? நம்முடையதா, அடுத்தவனுடையதா? இதற்கென்ன யோசனை? அவர்ஸ் என்று அமுக்கினார். முடிந்தது என்றது. கும்பிட்டுவிட்டு எழுந்தார். திங்கட்கிழமை வந்து திறந்தால் தூண் இல்லை. பச்சை மஞ்சள் இல்லை. சுகுணா ஆரம்பத்தில் சும்மா போட்டு வைத்திருந்த, பெயர் வரிசைப்படி ஆடு அடைப்பது மாதிரி அடைக்கிற பழைய வரிகள் மட்டும். வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தெரியாது. காதுக்குள் ஏதோ கொதித்தது. அவள்தான். லீடர். அவள் எழுதியதுதான் நிற்க வேண்டும் என்று. அன்று மத்தியானம் அவளே வந்தாள். "சார், ஒரு நிமிஷம், அந்த ஹால் ஃபைல்ல..." "எல்லாம் தெரியும்மா. போய் வேலையப் பாரு." "இல்ல சார், நீங்க வெள்ளிக்கிழமை..." "போம்மான்னு சொல்றேன்ல." அவள் நின்றாள். அல்போன்ஸ் சீலிங்கைப் பார்த்தார். "சரிங்க சார். நாங்க பாத்துக்கறோம்." நாங்க. அந்தச் சொல் அங்கேயே தங்கிவிட்டது, தொண்டையில் மீன்முள் மாதிரி, சோறு உருட்டி விழுங்கினாலும் போகாது. நாம பாத்துக்கலாம் என்றால் அவரும் உள்ளே. நாங்க என்றால் அவர் வெளியே. தமிழில் அதற்கென்றே இரண்டு சொல் வைத்திருக்கிறான். இங்கிலீஷ்காரனுக்கு இந்த வஞ்சகம் தெரியாது, அவனுக்கு எல்லாம் ஒரே வீ. நாங்க. கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு பேசுகிற வார்த்தை. அன்றிலிருந்து புராஜெக்ட்டைத் திறக்கவில்லை. ஸ்டாண்ட்-அப்பில் நின்றார், தடங்கல் என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். மனசுக்குள் வாக்கியத்தை ராவினார்.

"காணாமப் போச்சுன்னா எப்படிங்க போகும்? கால் முளைச்சா?" டீனின் குரல். வையாபுரி நிமிர்ந்தார். ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கெமிஸ்ட்ரி மாதவராஜ் நின்றுகொண்டிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு. மாதவராஜ் எப்போதும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. இன்று மடிப்பு மட்டும்தான் நிமிர்ந்து நின்றது. "எழுதினேன் சார். போன வாரம் வரைக்கும் இருந்தது. சேர்க்கும்போது நான் சரியாத்தான் அவர்ஸ்னு குடுத்தேன்..." தாடிப் பையன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அங்கதான் சார் மாட்டிட்டீங்க. இந்த முறையில சேர்க்கும்போது நீங்க நிக்கிற இடம் மாறிடும். கருவி, டீம் எழுதினது மேல போய் நின்னுக்குது. அங்க நின்னுக்கிட்டு உங்க வேலையை ஒவ்வொண்ணா எடுத்து வைக்குது. அதனால அதுக்கு அவர்ஸ்னா டீமோடது. தெயர்ஸ்தான் சார் நீங்க எழுதினது. நீங்களே உங்களை வேண்டாம்னு சொல்லிட்டீங்க." நாலு பேர் சிரித்தார்கள். அல்போன்ஸும் சிரித்தார், ஓகே போடுவது மாதிரி. டீன் சிரிக்கவில்லை. "அப்ப காட்ட ஒண்ணுமில்ல. சரி. மாதவராஜ் சார், ஏப்ரல்லேர்ந்து அட்மிஷன். உக்காருங்க." மாதவராஜ் உட்கார்ந்தார். கையில் இருந்த காகிதத்தை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

அவர்ஸ். தமிழில் எழுதிப் பார்த்தால் அவர்-ஸ். அவருடையது. அட, எழுத்திலேயே இருந்திருக்கிறது. வையாபுரிக்கு உள்ளங்கால் குளிர்ந்தது, ஏசி அங்கே வராது, ஷூ போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை, அந்தக் கட்டம், அந்த அமுக்கல். இதற்கென்ன யோசனை என்று அமுக்கியது. அப்படியானால் அவள். இல்லை, அவள் எழுதிக் கொடுத்த பேப்பரில் இப்படி ஆகும் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. அவள் தப்புதான். அதை ஏன் போடுவாள்? சிக்கல் வந்தால் என்னைக் கூப்பிடுங்க சார் என்று கடைசியில் எழுதியிருந்தாள், இவர் கூப்பிடவில்லை. சரி, கருவி செய்தவன் தப்பு. நிற்கிற இடத்தை மாற்றிவிட்டு நம்முடையதா என்று கேட்டால் எவன் சொல்வான்? வெள்ளைக்காரன் புத்தி. இந்தத் தாடி இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், வாட்டர்ஃபால் நடத்திக்கொண்டிருந்தான். தப்பை எல்லார் மேலும் வைத்துப் பார்த்தார். எதன் மேலும் உட்காரவில்லை, அவருடைய நாற்காலி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து அவரிடமே வந்தது. வாக்கியம் அப்படியே இருந்தது, பளபளவென்று. நான் எழுதினதை இந்தம்மா அழிச்சுட்டாங்க. பொய்யாகிப்போன பிறகும் அதன் மினுக்கம் குறையவில்லை. வேறு எதுவும் அவரிடம் இல்லை. இதைச் சொன்னால் டீன் அவள் பக்கம் திரும்புவார். சொல்லாவிட்டால் மாதவராஜுக்குப் பக்கத்து நாற்காலி. கேட், நாய், வெயில்.

"மூணாவது டீம்." சுகுணா எழுந்தாள். அல்போன்ஸ் எழுந்தார். வையாபுரி கடைசியாக எழுந்து போய் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் என்னென்னவோ காட்டினாள், லாகின், பெயர்ப் பதிவு, அல்போன்ஸ் எழுதியது இது, அல்போன்ஸ் தலையாட்டினார். அப்புறம் ஹால். வையாபுரி தரையைப் பார்த்துக்கொண்டார். ஆடு அடைக்கிற வரிகள்தானே வரும், அதை வேறு பார்க்க வேண்டுமா? "அதென்னம்மா நடுவுல கருப்பா?" என்றார் டீன். நிமிர்ந்தார். பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள். நடுவில் கருப்புக் கட்டம். அதன் பின்னால் ஒரு பெஞ்சு காலி. "தூண் சார். மூணாம் ஹால்ல இருக்கறது. அதுக்குப் பின்னாடி ஆள் போடாது." "அட. இது யார் பண்ணினது?" "நாங்க சார்." அதே சொல். அதே வாய். ஆனால் அவள் இப்போது டீனைப் பார்த்துச் சொல்கிறாள். டீன்தான் வெளியே. அப்படியானால் உள்ளே? வையாபுரிக்கு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நாங்கன்னா? பேர் வேணும்மா எனக்கு." தாடிப் பையன் யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்கிற வரலாற்றை இறக்கிப் பார்த்தான். "சுகுணா மேடம் பேர்தான் சார் இருக்கு." "இல்ல சார், அது வந்து, பழசுலேர்ந்து நான் எடுத்து ஒட்டினதால..." அவள் பேசினால் முடிந்தது. அவள் காப்பாற்றினதாக ஆகிவிடும். அதைவிடக் கேட்டுக்கு வெளியே நிற்கலாம். "என்னுது" என்றார் வையாபுரி. டீன் திரும்பினார். "உங்க பேர் இல்லையே?" "அழிஞ்சுது." "யார் அழிச்சது?"

வாக்கியம் எழுந்து வந்தது. பாதி வந்துவிட்டது, இந்தம்மா என்கிற இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாதவராஜ் காகிதத்தை இன்னும் மடித்துக்கொண்டிருந்தார், இனி மடிக்க இடமில்லை. சுகுணா கீபோர்டைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமையே தெரியும். சொல்லத்தான் வந்தாள். "நான்தான்" என்றார். "எழுதினதும் நான், அவர்ஸ்னு அமுக்கி அழிச்சதும் நான். திருப்பி வச்சது அவங்க." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும், ஒருத்தன் முகத்தையாவது ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கலாம். "எல்லாரும் பண்ற தப்புதான் சார்" என்றான் தாடி. அவனை அங்கேயே நாலு அறை விடத் தோன்றியது. டீன் பேனாவை எடுத்தார். "அந்தப் பெஞ்சை ஏன் காலியா விட்டீங்க?" "அங்க உக்கார்றவன் பாஸாயிருவான்." டீனுடைய வாய் ஓரம் ஒரு தடவை இழுத்துக்கொண்டது. எதையோ எழுதினார். "சரி. வையாபுரி சார் அந்தப் பகுதி. முடிஞ்சுது. அடுத்த டீம்." முடிந்ததா? இவருக்கு முடியவில்லை. ஏதோ இன்னும் கொதித்தது, யார் மேல் என்று பார்த்தார். தாடி மேல். "தம்பி, சிரிச்சியே, மாதவராஜ் சாரோடதும் உள்ளதான கிடக்கும்? நம்ம தூண் வந்த மாதிரி வரும்ல? எடுத்துக் குடு. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்காங்க." பையன் டீனைப் பார்த்தான். டீன் மாதவராஜைப் பார்த்தார். மாதவராஜின் கை நின்றது. "இருக்கும் சார்... எடுக்கலாம்" என்றான் பையன். "அப்ப எடு." அங்கேயே நின்றார், அவன் எடுக்கும்வரை நகர மாட்டேன் என்பது போல. பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டே சுகுணா மெதுவாகச் சொன்னாள்: "திங்கக்கிழமையே சொல்ல வந்தேன் சார்." "உரக்கச் சொல்லியிருக்கணும்" என்றார், திரும்பாமல். "நீங்க உரக்கக் கத்தினீங்க, நான் எங்க சார் சொல்றது? கொஞ்சம் நகருங்க. ஸ்கிரீனை மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க." நகர்ந்தார்.